தவிடும் பிளம்சும்

நெல்மணியின் மேலோடு உமி. அதற்குள்ளே அரிசியை இறுகப் பற்றியிருக்கும் மெல்லிய படலந்தான் தவிடு. எடையில் நெல்லின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராது. ஆனாலும் அரிசியின் நார்ச்சத்து, எண்ணெய், பி வகை விற்றமின்களில் பெரும்பகுதி இதற்குள்தான் இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களின் நெல் ஆலைக்குப் போனால் அரிசி அடுப்படிக்கு வரும். தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் போகும்.

இதன் அருமையை உலகம் நோயால்தான் அறிந்தது. 1890களில் ஜாவாவில் தீட்டிய வெள்ளையரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன. தீட்டாத அரிசி போட்டதும் எழுந்து நடந்தன. அதைக் கவனித்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு வரும் அதே நோய்தான் பெரிபெரி. அதைத் தடுக்கும் தயமினை 1926இல் அரிசித் தவிட்டிலிருந்தே பளிங்காகப் பிரித்தெடுத்தார்கள்.

தவிட்டை மனிதர் சாப்பாட்டுக்குள் கொண்டுவரும் ஒரு வழி தவிட்டு மஃபின். மா அரைக்கும்போது கழிந்ததைத் திரும்பச் சேர்க்கும் பண்டம் அது. அதில் போடும் கோதுமைத் தவிட்டில் 100 கிராமுக்கு 40 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. தனியே தின்றால் மரத்தூளை மென்றது போலிருக்கும். அங்கேதான் பிளம்ஸ், அதாவது காய்ந்த திராட்சை, கைகொடுக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இனிப்பு என்பதால் சீனியைக் குறைத்துப் போடலாம். சுடச்சுட மஃபினைப் பிட்டால் மண்ணிற மாவுக்குள் ஊதிப் பளபளக்கும் பிளம்ஸ். பல் பட்டதும் இனிப்பு கசியும்.

தவிடு நீரை இழுக்கும். ஆகவே மோரில் கால் மணி நேரம் ஊறவிட்டுத்தான் மா சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மஃபின் வறண்டு உதிரும். மோரின் புளிப்பு அப்பச்சோடாவோடு சேர்ந்து கலவையைப் பொங்க வைக்கும். மட்டக்களப்பில் அதற்குச் சட்டி எருமைத் தயிரைத் தண்ணீர் விட்டு அடித்தாலே போதும்.

ஆலையில் மாட்டுக்கு அள்ளும் தவிடு இதற்கு ஆகாது. அதில் உமித்தூள் கலந்திருக்கும். அதோடு, தீட்டிய நேரத்திலிருந்தே நொதியம் தவிட்டின் எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குவதால் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும். சூடாக்கிப் பதப்படுத்திய தவிடே சாப்பாட்டுக்கு உகந்தது.

இவ்வளவு பாடில்லாமல் தவிடு வாய்க்குப் போகும் வழி இந்த ஊரில் பழையது: சிவப்பரிசி மாப் பிட்டு. குழலிலிருந்து தள்ளியதும் ஆவி பறக்கச் சரியும் துண்டின் செந்நிறம், தீட்டாமல் விட்ட தவிட்டின் நிறந்தான். தவிட்டிலுள்ள இரும்பை மட்டும் உடல் இலகுவில் எடுக்காது. கூடவே ஒரு கொய்யாப்பழம் இருந்தால் எடுக்கும் அளவு கூடும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் குறையும்.