மின்னஞ்சல் செயலியை மாற்றும் முன்

போத்தனூர் வட்டாரத்து அங்கத்தினர்களுக்கு இருப்புப்பாதை புதிதன்று. பொள்ளாச்சிப் பாதை மீட்டர் பாதையாக இருந்த காலத்தில், அகலப் பாதையில் வந்த சரக்கைப் போத்தனூரில் இறக்கி, வேறு வண்டியில் ஏற்றினால்தான் அது மேற்செல்லும். மூட்டைகளை எண்ணி இறக்கி, எண்ணி ஏற்ற வேண்டும். மின்னஞ்சல் செயலியை மாற்றுவதும் அத்தகைய காரியமே. இதை நான் பட்டறிந்த பிறகே உணர்ந்தேன்.

ஆய்வுக்காக ஒரு நெசவாளர் சங்கத்திற்குச் சென்றிருந்தேன். அங்கிருந்த மின்னஞ்சல் செயலி ஒரு கடிதத்தைத் திறக்கவே நெடுநேரம் எடுத்தது. இடையிடையே அசையாது நின்றது. பொறுமையிழந்த நான், "இதை நீக்கிவிட்டு வேறொன்றை வைத்துக்கொள்ளுங்கள்" என்று காரியதரிசியிடம் கூறினேன். அவரும் அன்று மாலையே அவ்வாறு செய்தார். பத்து நாட்களுக்குப் பின், ஜமக்காளம் வாங்கிய வியாபாரி விலையில் தகராறு எழுப்பினார். விலையை ஒப்புக்கொண்டு அவர் எழுதிய கடிதம் புதிய செயலியில் இல்லை. நெய்தவர்களின் கூலி அந்த ஒரு கடிதத்தை நம்பி நின்றது.

கடிதம் எங்கே போயிற்று? மின்னஞ்சலில் முகவரி, கடிதம், செயலி என மூன்று உண்டு. செயலி என்பது குமாஸ்தாவைப் போன்றது. குமாஸ்தாக்களில் இருவகை உண்டு. 'பாப்' முறையில் வேலை செய்பவர், தபால் நிலையம் போன்ற சர்வரிலிருந்து கடிதங்களைக் கொண்டுவந்து நம் கணினியில் பூட்டி வைப்பார். பல வேளைகளில் சர்வரில் பிரதி எஞ்சாது. நாம் அனுப்பிய கடிதங்களும் அக்கணினியிலேயே தங்கும். 'ஐமேப்' முறையில் கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும். எந்தச் செயலியிலிருந்தும் காணலாம். இம்முறையை 1986இல் மார்க் கிறிஸ்பின் என்பவர் வகுத்தார். நமது சங்கத்தில் இருந்ததோ பாப் முறை. குமாஸ்தாவை அனுப்பிவிட்டோம், அலமாரிச் சாவியை வாங்க மறந்துவிட்டோம்.

ஆகையால், செயலியை மாற்ற விரும்பும் சங்கங்கள் கீழ்க்கண்ட வரிசையைக் கைக்கொள்வது நலம்.

முதலாவது, கணக்கு அமைப்புகளைத் திறந்து, பாப் முறையா ஐமேப் முறையா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, கடிதங்களையும் முகவரிப் புத்தகத்தையும் தனித் தட்டில் நகலெடுக்க வேண்டும். மூன்றாவது, புதிய செயலியில் அவற்றை ஏற்றியபின், ஒவ்வொரு அடைவிலும் உள்ள கடிதங்களின் எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிட வேண்டும். இணைப்புகள் சிலவற்றைத் திறந்தும் பார்க்க வேண்டும். நான்காவது, அடுத்த தணிக்கை முடியும் வரை பழைய செயலியை நீக்கலாகாது.

செயலியை மாற்றுவதற்கு முகவரியை மாற்ற வேண்டியதில்லை. கடிதங்களைக் காக்கும் நிறுவனமே மாறினாலும், முகவரி சங்கத்தின் சொந்தப் பெயரில் பதிவானதாயின் அது நிலைக்கும். மத்திய அரசு ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல்கள், ஸ்ரீதர் வேம்பு முதலியோர் தொடங்கிய ஸோஹோ நிறுவனத்தின் அமைப்புக்கு மாற்றப்பட்ட செய்தி 2025 அக்டோபரில் வெளிவந்தது. எனினும் முகவரிகளின் இறுதியில் உள்ள அரசுப் பெயர் மாறவில்லை. எழுதுவோர் பழைய முகவரிக்கே எழுதலாம். அதே மாதம் உள்துறை அமைச்சர் அமித் ஷா ஸோஹோ மெயிலுக்கு மாறியபோது, அவருடைய முகவரியே மாறிற்று. அதனைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. நமது சங்கம் முகவரியை மாற்றினால் கோ-ஆப்டெக்ஸ், வங்கி, நூல் விற்போர், வியாபாரிகள் அனைவருக்கும் எழுத வேண்டும். பழைய முகவரியையும் சில காலம் பார்த்துவர வேண்டும்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். 2004இல் முதற்பதிப்பு வெளிவந்த தண்டர்பேர்டு போன்ற செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

நமது சங்கத்தின் கடிதம் கிடைத்தது. செயலி நீங்கியும், அதன் கோப்பு கணினியின் தட்டில் அழியாமல் இருந்தது. கணினி அறிந்த இளைஞர் ஒருவர் இரண்டு நாள் முயன்று அதை மீட்டார். வியாபாரியும் முன் ஒப்புக்கொண்ட விலையைத் தந்தார். ஆனால் இடையில் எவரேனும் அந்தத் தட்டைத் துடைத்திருந்தால், எனது அவசர யோசனைக்கு நெசவாளர்கள் விலை கொடுத்திருப்பார்கள். தொல்லை தரும் செயலியை மாற்றுவது தவறன்று. மூட்டைகளை எண்ணாமல் வண்டி மாற்றுவதே தவறு.