விஷத்தை உண்ணும் கிருமிகள்

திண்டுக்கல்லிலிருந்து கரூருக்குப் போகும் பாதையில் உள்ள வேடசந்தூரை வாசகர்களில் சிலர் பஸ்ஸின் ஜன்னல் வழியாகவாவது பார்த்திருக்கலாம். புகையிலைக்குப் பெயர் போன பூமி; 1948-ல் ஏற்பட்ட புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இங்கே உண்டு. ஊரையொட்டிக் குடகனாறு ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். வருஷத்தில் பல மாதங்கள் அங்கே மணல்தான் கிடக்கும். ஆகையால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கிணற்றுத் தண்ணீரே பிராணன்.

கோடை விடுமுறைக்கு முன் நம் வகுப்புப் பையன் ஒருவன் மெதுவாக வந்து நின்றான். "ஸார், எங்கள் மோட்டார் கொட்டகையில் ஒரு பழைய டின் இருக்கிறது. தாத்தா காலத்துப் பூச்சி மருந்தாம். அப்பா அதைப் பாழுங் கிணற்றில் போட்டு மூடப் போகிறார். போடலாமா, ஸார்?" என்று கேட்டான்.

அன்று மாலையே அவன் தோட்டத்துக்குப் போனோம். துருவேறிய டின்னில் பாதியளவு வெண்மையான தூள் இருந்தது. மூடியைத் தொடுமுன்பே பூஞ்சணம் பிடித்தாற்போன்ற அந்த வாடை மூக்கைத் துளைத்தது. கிராமத்தில் வளர்ந்தவர்கள் யாரும் அந்த வாடையை மறக்க முடியாது. பி.எச்.சி. தூள்! கறையானுக்கும் எறும்புக்கும் நம் பெரியவர்கள் வெறுங் கையால் அள்ளித் தூவிய அதே மருந்து.

"பாழுங் கிணறுதானே, ஸார்? பத்து வண்டி மண்ணைத் தள்ளிவிட்டால் யாருக்கு என்ன கெடுதல்?" என்றார் பையனின் தகப்பனார். நியாயமான கேள்விதான். அதற்கு நாம் சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

இந்தப் பொருளை 1825-ல் முதன் முதலாக உண்டாக்கியவர் மின்சார ஆராய்ச்சியில் புகழ் பெற்ற பாரடே. ஆறு கரி அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்க, ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு குளோரின் அணு ஏறிக்கொண்டால் பி.எச்.சி. ஆகிறது. அந்தக் குளோரின் நிற்கும் நிலையைப் பொறுத்து ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்று பல வகைகள். பூச்சியைக் கொல்லும் சக்தி முக்கியமாகக் காமாவுக்கு மட்டுமே. அதைத் தனியே பிரித்தால் லிண்டேன். ஒரு டன் லிண்டேன் எடுக்க எட்டு டன்னோ அதற்கு மேலோ மற்ற வகைகள் கழிவாக மிஞ்சும். அவற்றைத் தொழிற்சாலைகள் மண்ணில் கொட்டின. நம் தேசத்தில் பி.எச்.சி.க்கு 1997 ஏப்ரலில் தடை வந்தது. 2009-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் லிண்டேனையும் அதன் சகோதரர்களையும் உலகத்தின் விலக்கப்பட்ட விஷங்களில் சேர்த்தது. தடை வந்ததே தவிர, போட்ட விஷம் போய்விடவில்லை. அது தண்ணீரில் எளிதில் கரையாது. சேற்றைப் பற்றிக்கொண்டு வருஷக் கணக்கில் சிறிது சிறிதாகக் கசியும். புல்லிலிருந்து மாட்டுக்கும், மாட்டிலிருந்து பாலுக்கும், பாலிலிருந்து குழந்தைக்கும் போய்க் கொழுப்பில் தங்கும். பீட்டா வகை இதில் மகா பிடிவாதக்காரன்.

கிணறு கெட்டால் என்ன ஆகும் என்பதை நம் ஜில்லாவுக்குப் பிறர் வந்து போதிக்க வேண்டியதில்லை. தோல் ஷாப்புகளின் கழிவு பற்றிய வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பிலேயே நம் கதை இருக்கிறது. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் எடுத்த கணக்குப்படி 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்று அதில் குறித்திருக்கிறார்கள்.

சரி, இந்த விஷத்துக்கு மாற்றே கிடையாதா? உண்டு. அதுவும் நம் காலடி மண்ணிலேயே உண்டு!

1966-ல் பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ரகு என்ற இந்தியரும் மக்ரே என்பவரும் ஒரு சோதனை செய்தார்கள். நீர் கட்டிய வயல் மண்ணில் லிண்டேனைக் கலந்தார்கள். உயிருள்ள மண்ணில் அது வேகமாக மறைந்தது. கிருமிகளைக் கொன்ற மண்ணிலோ நீடித்து நின்றது. இரண்டாம் முறை கலந்தபோது உயிருள்ள மண் முன்னிலும் விரைவாக அதை விழுங்கியது. மண்ணில் யாரோ அதை உண்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

அந்த 'யாரோ'க்களில் ஒருவரை நம் தேசத்திலேயே பிடித்தார்கள். கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேதுநாதன் முதலிய விஞ்ஞானிகள், பி.எச்.சி. பட்ட கரும்பின் வேர் மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து 1990-ல் உலகுக்கு அறிவித்தார்கள். பிறகு டில்லி சர்வகலாசாலையில் பேராசிரியர் ரூப் லால் குழுவினர் அதைத் தீர ஆராய்ந்தனர். 2005-ல் இவ்வகைக் கிருமிகள் மூன்றுக்குத் தனிப் பெயர் சூட்டினார்கள். ஜப்பானில் கிடைத்தது ஜப்பானிக்கம். பிரான்ஸில் கிடைத்தது பிரான்சென்ஸ். நம்முடையது ஸ்பிங்கோபியம் இண்டிக்கம். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜீவன் பாரத நாட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது!

அது செய்யும் வேலையைச் சக்கரவியூகத்தோடு ஒப்பிடலாம். ஆறு குளோரின் மகாரதர்களும் காவல் இருக்கும்வரை கரி வளையத்தை எளிதில் தொட முடியாது. இந்தக் கிருமி ஒரு என்ஸைமால் சில குளோரினைக் கழற்றி எறிகிறது. இன்னொன்றால் குளோரின் இருந்த இடத்தில் நீரின் கூறு ஒன்றைப் பொருத்துகிறது. காவல் குலைந்ததும் வளையம் உடைகிறது. கரியைக் கிருமி ஆகாரமாக்கிக்கொள்கிறது. குளோரினோ சமையல் உப்பில் இருப்பதுபோன்ற சாதுவான குளோரைடாகப் போய்விடுகிறது.

ஆனால் வியூகத்துக்குள் புகத் தெரிந்து வெளியேறத் தெரியாத அபிமன்யுக்களும் கிருமிகளில் உண்டு. இயந்திரங்களின் பிசுக்கைப் போக்கும் டிரைகுளோரோஎதிலீன் என்ற திரவம் மேல்நாடுகளில் எத்தனையோ நிலத்தடி நீரூற்றுகளைக் கெடுத்திருக்கிறது. காற்றில்லாத சேற்றில் வாழும் பல கிருமிகள் அதன் குளோரினைக் கழற்றும். கழற்றிக்கொண்டே வந்து வினைல் குளோரைடு என்ற இடத்தில் நின்றுவிடும். அதுவோ புற்றுநோய் உண்டாக்குவது! பாதி வைத்தியம் நோயைவிடப் பொல்லாதது. அந்தக் கடைசிக் குளோரினையும் நீக்கி, மாங்காயைப் பழுக்க வைக்கும் எதிலீனாகவே மாற்றிவிடும் கிருமியை அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையார் சாக்கடைச் சேற்றிலிருந்து பிரித்து 1997-ல் வெளியிட்டார்கள். இன்று அந்த இனத்தை வளர்த்துக் கெட்ட நீரூற்றுகளுக்குள் செலுத்துகிறார்கள்.

நம் நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. லக்னோவுக்கு அருகே லிண்டேன் கழிவால் கெட்ட மண்ணில் டில்லிக் குழுவினர் இண்டிக்கத்தை இட்டுப் பார்த்தார்கள். கிருமியை ஏற்றிச் செல்லும் வாகனம் எது தெரியுமா? முத்து உதிர்த்த மக்காச்சோளக் கட்டை! நம் தோட்டங்களில் அடுப்பெரிக்கப் போடும் அதே சரக்குதான். விஷம் குறைந்தது. என்றாலும் ஈரமும் காற்றும் வெப்பமும் பக்குவமாக இருந்தால்தான் கிருமி வேலை செய்யும். உப்பை அது உண்ணாது. குரோமியத்தை இல்லாமற் செய்ய எந்தக் கிருமியாலும் முடியாது; தன்மையை மாற்றலாமேயன்றி உலோகம் உலோகமாகவே இருக்கும். ஆகையால் தோல் ஷாப்புத் தண்ணீர் கெடுத்த கிணறுகளை இந்த வழியில் மீட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் கேட்ட தகப்பனார் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் கிருமி இருக்கிறதே, ஸார்! கிணற்றில் போட்டால் அதுவே தின்றுவிடாதா?" என்றார். நாம் சிரித்துவிட்டோம். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதல்ல; பெரிய பெரிய தொழிற்சாலைக்காரர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். வயலில் தூவிய சிறிதளவைத் தின்னப் பழகிய கிருமிக்கு, அரை டின் தூளை ஒரே குவியலாக ஆழத்தில் கொட்டினால் ஆகாரமாகாது, சமாதிதான் ஆகும். பக்கத்துக் கிணறு எத்தனை கெஜ தூரம் என்று கேட்டோம். அவர் கையை நீட்டிக் காட்டினார். அதிலிருந்துதான் அவர்கள் வீட்டுக்குக் குடிதண்ணீர் போகிறது.

கையுறை போட்டுக்கொண்டு டின்னை இரண்டு கனத்த பிளாஸ்டிக் பைகளில் இட்டுக் கட்டினோம். விஷம் என்று பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத பரண்மேல் வைத்துப் பூட்டினார் அவர். அபாயக் கழிவை முறைப்படி வாங்கி அழிப்பதற்கு ஏற்பாடு செய்யும்படி அதிகாரிகளுக்கு விண்ணப்பமும் எழுதி அனுப்பியிருக்கிறோம்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் அப்படி ஒரு டின் இருக்கக்கூடும். இன்றே போய்ப் பாருங்கள். கிணற்றில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.