திரையில் காணாத பணி

கல்லூரியில் நேரம் தவறாது மணி அடிப்பவர் அலுவலக உதவியாளர். கணிப்பொறியில் அக்கடமையை ஆற்றுவது விண்டோஸின் 'டாஸ்க் ஷெட்யூலர்' ஆகும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களிலும் அது அறிமுகமாயிற்று.

என் ஆய்வேட்டை இரவுதோறும் நகலெடுக்க ஒரு பணி அமைத்திருந்தேன். ஒருநாள் பட்டியலில் அதனைக் காணோம்!

இத்தகைய வேளையில் செய்ய வேண்டியவை யாவை? முதலில் எஃப்5 விசையை அழுத்திப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். இடப்புறத்து உட்பிரிவுகள் அனைத்தையும் திறந்து பார்க்க வேண்டும். 'வியூ' பகுதியில் மறைந்த பணிகளைக் காட்டச் செய்யலாம். பிறர் கணக்கில் அமைத்த பணி, நிர்வாகி உரிமையுடன் திறந்தால்தான் தெரியும். என் பணியும் தம்பியின் கணக்கில்தான் இருந்தது!

ஆனால் அதன் விளைவுக் குறியீடு 41303. அதாவது, ஒருமுறையும் ஓடவில்லை. காரணம் மின்தடையே. மின்கலத்தில் இயங்கும்போது பணி தொடங்காதிருப்பது அதன் இயல்பான அமைப்பு. 'கண்டிஷன்ஸ்' பகுதியில் அதனை நீக்கினேன். குறியீடு 0 ஆயிற்று, நகலும் கிடைத்தது.

நண்பர்களே, பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் பணி நடந்துவிடாது. தேர்வுக்கு முன் நகலை ஒருமுறை திறந்து பாருங்கள்!