மோட்டாரைச் சொன்ன இடத்தில் நிறுத்துவது எப்படி?

இயந்திரக் கை ஒன்று 90 பாகை திரும்பி ஒரு பெட்டியை எடுக்க வேண்டும். 85 பாகையில் நின்றால் பெட்டி எட்டாது. 95 பாகைக்குப் போனால் பெட்டியைத் தட்டிவிடும். மோட்டாரைச் சுழல வைப்பது எளிது. சரியான இடத்தில் நிறுத்துவதுதான் கடினம்.

கை இப்போது எங்கே இருக்கிறது என்பதை மோட்டாரின் அச்சில் உள்ள ‘என்கோடர்’ என்ற உணர்கருவி சொல்லும். போக வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசமே ‘பிழை’. பிழையைப் பார்த்து மோட்டாருக்கு எவ்வளவு சக்தி தருவது என்று முடிவு செய்வதே கட்டுப்பாட்டு வழிமுறை.

முழு வேகத்தில் ஓடவிட்டு, இடம் வந்ததும் மின்சாரத்தை நிறுத்தினால் என்ன? குளிர்பதனப் பெட்டிக்கு இந்த முறை போதும். ஆனால் சுழலும் கை உடனே நிற்காது, இலக்கைத் தாண்டிவிடும்.

மூன்று பகுதிகள்

பிழைக்கு ஏற்றபடி சக்தியைக் கொடுப்பது ‘விகித’ முறை. ஒரு பாகை பிழைக்கு 1 விழுக்காடு சக்தி என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். உராய்வை வெல்லக் குறைந்தது 5 விழுக்காடு தேவை என்றால், கை 5 பாகை முன்னதாகவே நின்றுவிடலாம். பாகைக்கு 5 விழுக்காடு என்று கூட்டினால் இந்தக் குறை 1 பாகையாகச் சுருங்கும். ஆனால் 20 பாகை மீதமிருக்கும் வரை மோட்டார் முழுச் சக்தியில் ஓடும். இலக்கைத் தாண்டி முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும்.

பிழை எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று பார்த்து, முன்கூட்டியே பிரேக் போடுவது ‘வகையீட்டு’ப் பகுதி. எஞ்சிய சிறு பிழையை நொடிக்கு நொடி கூட்டிச் சேர்த்து, கையை மெல்லத் தள்ளுவது ‘தொகையீட்டு’ப் பகுதி. மூன்றும் சேர்ந்ததே ‘பிஐடி’ முறை. கப்பலின் சுக்கானைப் பிடிப்பவர்கள் திசையை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்பதைக் கவனித்த நிக்கோலஸ் மினோர்ஸ்கி, 1922இல் இதன் கணித அடிப்படையை வெளியிட்டார்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

சுமை சிறியது, மாறாதது என்றால் ‘ஸ்டெப்பர்’ மோட்டார் போதும். பரவலாகப் பயன்படும் வகை, ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரித்து, படிக்கு 1.8 பாகை நகரும். பல முப்பரிமாண அச்சுப்பொறிகளில் இருப்பது இதுதான். ஆனால் தடை வந்து ஒரு படி தவறினால், என்கோடர் இல்லாததால் அதற்கே அது தெரியாது. சுமை மாறும் இடங்களில் என்கோடரும் பிஐடியும் தேவை.

பிஐடியிலும் எச்சரிக்கை வேண்டும். கை எதிலாவது சிக்கிக்கொண்டால் தொகையீட்டுப் பகுதி பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும். தடை விலகியதும் கை வேகமாகப் பாயும். அதனால் அந்தத் தொகைக்கு ஓர் உச்சவரம்பு வைப்பார்கள்.

பள்ளி ரோபோவில் முயன்று பார்க்க விரும்பினால், முதலில் விகிதப் பகுதியை மட்டும் மெல்லக் கூட்டுங்கள். ஆட்டம் தொடங்கினால் வகையீட்டைச் சேருங்கள். அதன் பிறகும் குறை எஞ்சினால் மட்டும் தொகையீட்டைச் சிறிதளவு சேருங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது பலன் தந்தது என்பது புரியும்.