உஷார்! மவுண்ட் வெல்லிங்டன் கராஜில் வாக்னர் இருக்கமாட்டார்

ஹோனஸ் வாக்னர் என்று ஒரு பெயரைச் சொல்லி, பழுப்பேறிய பேஸ்பால் அட்டை ஒன்றின் படத்தை யாராவது உங்கள் போனுக்கு அனுப்பினால், பணம் போடாதீர்கள். அட்வான்ஸ் என்று நூறு டாலர்கூட வேண்டாம். சில்வியா பார்க் கடைவளாகத்தின் கார் பார்க்கிங்கில் நேரிலேயே கையில் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

இங்கே நியூசிலாந்தில், நம் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் குடியிருக்கும் தம்பி ஒருவர் அண்மையில் அப்படி ஒரு படத்தைக் காட்டினார். விற்பவர் சொன்ன கதை இது: தாத்தா அமெரிக்கக் கப்பலில் வேலை பார்த்தவர், அட்டை அவருடைய பெட்டியில் கிடந்தது, வெள்ளிக்கிழமை பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்கிறோம், கராஜைக் காலி செய்தாக வேண்டும், அதனால்தான் நாலாயிரம் டாலருக்குத் தருகிறோம். கேட்டு வந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களாம். “அண்ணே, எல்லாத்தையும் கூகுள்ல பார்த்துட்டேன். ஆளு நிஜம், ரெக்கார்டு நிஜம், இந்த அட்டை லட்சக்கணக்கான டாலருக்கு ஏலம் போனதும் நிஜம்” என்றார் தம்பி.

மூன்றும் சரிதான். வலை விரித்திருப்பதே அந்த இடத்தில்தான். ஆட்டக்காரரைப் பற்றித் துருவித் துருவிப் படிக்கிறோம். படித்ததெல்லாம் உண்மையாக இருப்பதைப் பார்த்ததும், கைக்கு வரப்போகும் காகிதமும் உண்மை என்று மனசு தானாக முடிவு கட்டிவிடுகிறது.

வாக்னரின் வாழ்க்கையும் அப்படி மயக்கக்கூடியதுதான். 1874-ல் பென்சில்வேனியாவில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. 1897-ல் லூயிவில் அணிக்கு வந்து, 1900 முதல் 1917 வரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு ஆடினார். வளைந்த கால்கள், முறம் போன்ற கைகள். பார்த்தால் ஓடுகிற ஆளாகவே தெரியாது. ஆனால் எதிரணி அசந்த நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதை 700 முறைக்கு மேல் செய்திருக்கிறார். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப்பாக நிற்பவர்கள் தடுப்புக்குத்தான் பேர்போனவர்கள். இவரோ அந்த இடத்தில் நின்றுகொண்டே நேஷனல் லீகின் சிறந்த மட்டையாளர் பட்டத்தை 8 முறை வாங்கினார். 1909 உலகத் தொடரில் டெட்ராய்ட் அணிக்காக ஆடிய டை காப் அப்போது இருபத்திரண்டு வயதுச் சூறாவளி. ஏழு ஆட்டம் நீண்ட அந்தத் தொடரில் முப்பத்தைந்து வயது வாக்னர் அவரைவிட நன்றாக ஆடினார், பைரேட்ஸ் ஜெயித்தது. 1936-ல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்வான ஐந்து பேரில் இவரும் ஒருவர், பேப் ரூத்தும் டை காப்பும் மற்றவர்களில் அடக்கம். 1955-ல் காலமானார்.

அட்டையின் கதை தனி. 1909-லிருந்து 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளில் ஆட்டக்காரர்களின் வண்ணப் படங்களை வைத்தது. சேகரிப்பாளர்கள் அந்த வரிசையை டி206 என்பார்கள். வாக்னர் மறுப்புச் சொல்லவே அவருடைய அட்டையை அச்சடிப்பதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் படத்துக்காக சிகரெட் வாங்கக்கூடாது என்று நினைத்தார் என்பது ஒரு விளக்கம். தனக்குக் காசு தரவில்லை என்ற கோபம் என்பது இன்னொன்று. மனிதர் புகையிலை மெல்லுபவர் என்பதையும் கணக்கில் வையுங்கள். விற்க வருகிறவர்கள் மட்டும் முதல் விளக்கத்தைத்தான் சொல்வார்கள், கேட்க இனிப்பாக இருக்கிறதே!

இன்று உலகத்தில் இருப்பதாகத் தெரிகிற வாக்னர் அட்டைகள் ஐம்பது, அறுபதுதான். 2021 ஆகஸ்டில் ஒன்று 66 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது, மறு ஆண்டு இன்னொன்று 72.5 லட்சத்துக்கு. அத்தனை விலையுள்ள பொருளை, தாத்தா பெட்டியில் இருந்தது என்று நாலாயிரத்துக்கு யாரும் விற்கமாட்டார்கள். தெரியாமல் விற்கிறார்களோ என்று நினைக்கவும் வழியில்லை. அட்டையின் மதிப்பைச் சொல்லித்தானே உங்களிடம் வருகிறார்கள்!

சரி, சான்றிதழோடு கண்ணாடி உறைக்குள் இருந்தால்? அதற்கும் ஒரு கதை உண்டு, அதுதான் அடிவயிற்றைக் கலக்குவது. உலகின் மிகப் புகழ்பெற்ற வாக்னர் அட்டையை பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி 1985-ல் 25,000 டாலருக்கு வாங்கினார். 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் அதை 4,51,000 டாலருக்கு ஏலம் எடுத்தார்கள். பிஎஸ்ஏ என்ற தரச்சான்று நிறுவனம் சான்றளித்த முதல் அட்டையே அதுதான், பத்துக்கு எட்டு என்ற தரம். 2007-ல் அதன் விலை 28 லட்சம் டாலர். அத்தனை பளிச்சென்ற ஓரங்கள் நூறு வயது சிகரெட் அட்டைக்கு எப்படி வந்தன என்று பலர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். 2013-ல் மாஸ்ட்ரோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்: ஓரங்களை வெட்டிச் சீராக்கியது நான்தான். ஏலங்களில் விலையைப் பொய்யாக ஏற்றிய வழக்கில் அவருக்கு இருபது மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த அட்டை அசல்தான், வெட்டியதைத்தான் மறைத்திருந்தார்கள். லட்சக்கணக்கில் கொட்டியவர்கள் கண்ணிலேயே மண் தூவ முடிந்ததென்றால், போனில் வந்த படத்தைப் பார்த்து நாம் என்னத்தைக் கண்டுபிடிக்கப் போகிறோம்?

நம்மிடம் வருவது வெட்டிய அசலாகக்கூட இருக்காது, மறுஅச்சாகத்தான் இருக்கும். மறுஅச்சு என்று சொல்லியே சில டாலருக்கு விற்கிறார்கள், அதில் தப்பில்லை. அதைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்து, முனைகளைத் தேய்த்து, பழைய பிரேமில் போடும்போதுதான் மோசடி தொடங்குகிறது. அசல் டி206 சின்னது, சுமார் 3.7 செ.மீ. அகலம், 6.7 செ.மீ. உயரம். இன்றைய அட்டை அளவில் இருந்தால் பேச்சே வேண்டாம். பூதக்கண்ணாடி வைத்துக் கீழே இருக்கும் பெயரைப் பாருங்கள். அசலில் எழுத்து ஒரே பழுப்பு மையில் திட்டமாக நிற்கும். மறுஅச்சில் அது பல வண்ணப் புள்ளிகளாகச் சிதறும். புற ஊதா டார்ச்சை அடித்தால் புதுக் காகிதம் நீலவெள்ளையாகப் பளீரிடும், காரணம் அதில் கலந்திருக்கும் வெளுப்பூட்டி. அந்தக் காலத்துக் காகிதத்தில் அது கிடையாது. ஆனால் பளீரிடவில்லை என்பதாலேயே அசல் என்று ஆகிவிடாது, பழைய காகிதத்தில் புதிதாக அச்சடிப்பவர்களும் உண்டு. ‘பிட்ஸ்பர்க்’ என்பதை அந்தக் காலத்து எழுத்துமுறையில் கடைசி எழுத்து இல்லாமல் போட்டிருக்கிறது பாருங்கள் என்று விற்பவர் காட்டுவார். மறுஅச்சிலும் அப்படியேதான் இருக்கும்!

பிக் ஃபன் சூயிங்கத்தில் கிரிக்கெட் படம் சேர்த்த தலைமுறை நாம். கபில்தேவ் அட்டை என்றால் நான்கு கேள்வி கேட்போம். பேஸ்பாலில் நமக்கு அந்த மூக்கு இல்லை. இங்கே பிள்ளைகள் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுவதைப் பார்த்த அளவுதான் நம் ஞானம்.

சட்டம் காப்பாற்றும் என்றும் அசட்டையாக இருக்காதீர்கள். நியூசிலாந்தின் 1993 நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் கடைக்காரர்களுக்குத்தான், கராஜைக் காலி செய்கிற தனிநபருக்குப் பொருந்தாது. பொய் சொல்லி விற்றார் என்று டிஸ்பியூட்ஸ் ட்ரிப்யூனலுக்குப் போகலாம். ஆனால் அதற்கு அவருடைய உண்மையான பெயரும் முகவரியும் உங்களிடம் இருக்க வேண்டும். வாங்கித்தான் தீருவேன் என்கிறவர்கள், பணம் போடும்போது கணக்கு எண்ணும் பெயரும் பொருந்தவில்லை என்று வங்கிச் செயலி எச்சரித்தால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் முதலில் வங்கிக்கு போன் செய்யுங்கள், அடுத்து காவல்துறையின் 105 எண்ணுக்கு. விற்றவரோடு பேசிய உரையாடலை அழித்துவிடாதீர்கள், கேட்பார்கள்.