அமைதி விற்பனைக்கு

நெதர்லாந்தின் கிராமங்களில் வீடு வாங்குவோருக்குப் பத்திரத்தில் சிக்கல் இல்லை. மண்ணுக்கடியில்தான் வில்லங்கம்.

ஜெர்மன் எல்லைக்குச் சற்று இப்பால், நெதர்லாந்தின் வடகிழக்கு மூலையில், குரோனிங்கன் மாகாணத்தில் இருக்கிறது கான்செடெய்க் என்ற குக்கிராமம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தட்டையான வயல்கள். அவற்றுக்கு நடுவே கொஞ்சம் வீடுகள். 2008-இல் ஓர் ஆலோசனை அறிக்கை இந்த ஊருக்கு மரண தண்டனை விதித்தது. ஆட்கள் குறைகிறார்கள், வீடுகளை வாங்க நாதியில்லை; எனவே 57 வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டு நிலத்தை இயற்கையிடமே ஒப்படைத்துவிடலாம் என்றது பரிந்துரை. ஊர் மக்கள் கொதித்தெழுந்தார்கள். இடிக்கும் திட்டம் கைவிடப்பட்டது.

பன்னிரண்டே ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 2020-இல் கொரோனா வந்தபோது ஆம்ஸ்டர்டாம், உட்ரெக்ட் நகரங்களின் அடுக்குமாடிகளில் அடைந்து கிடந்தவர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார்கள். வீட்டிலிருந்தே வேலை என்றால் வீடு எங்கே இருந்தால் என்ன? அதே விலைக்கு வடக்கே தோட்டம், மரங்கள், பக்கத்தில் வாய்க்காலோடு தனி வீடே கிடைக்குமே? குரோனிங்கன், ட்ரென்தே, ஃப்ரீஸ்லாந்து மாகாணங்களின் கிராமங்களில் வெளியூர் கார்கள் வந்து நின்றன. விலை ஏறியது.

ஏறியதற்குக் கிராமத்தின் அழகு மட்டும் காரணமில்லை. நாட்டில் சுமார் 4 லட்சம் வீடுகள் பற்றாக்குறை. கட்டலாம் என்றால், கால்நடைப் பண்ணைகளிலிருந்தும் வாகனங்களிலிருந்தும் வெளியேறும் நைட்ரஜன் குறுக்கே நிற்கிறது. 2019 மே மாதம் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு இயற்கைக் காப்பிடங்களுக்கு அருகே கட்டுமான அனுமதி பெறுவது பெரும்பாடாகிவிட்டது. 2024-இல் பழைய வீடு ஒன்றின் சராசரி விலை சுமார் நாலரை லட்சம் யூரோ. நம் கணக்கில் 4 கோடி ரூபாய்க்கும் மேல்.

தாய்ப் பத்திரம் தேட வேண்டாம்

தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா என்று அலைந்து பழகிய இந்தியருக்கு டச்சு நடைமுறை ஆச்சரியம் தரும். விற்பனைக்கு வரும் வீடுகளில் பெரும்பாலானவற்றை ஃபண்டா என்ற ஒரே இணையதளத்தில் பார்த்துவிடலாம். அறைகளின் அளவு, எரிசக்தித் தரச் சான்று, பராமரிப்பு நிலை எல்லாம் அதிலேயே இருக்கும். நிலப் பதிவேட்டுத் துறையில் சிறு கட்டணம் செலுத்தினால் உரிமையாளர் யார், எந்தக் கடனுக்காக அடமானத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அங்கே நோட்டரி என்பவர் கோர்ட் வாசலில் முத்திரை குத்துபவர் அல்ல. வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் பொதுவாக நின்று பதிவேட்டைச் சரிபார்த்து, பணத்தைத் தன் கணக்கில் வாங்கி வைத்து, பத்திரம் முடித்துத் தருபவர். அவர் இல்லாமல் வீடு கைமாறாது.

வாங்குபவருக்கு ஒரு சலுகையும் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு யோசிப்பதற்கு மூன்று நாள் அவகாசம். அதற்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அதன் பிறகு விலகினால் வழக்கமாக விலையில் 10 சதவீதம் தண்டம் கட்ட வேண்டும்.

சிக்கல் பேரத்தில் ஆரம்பிக்கிறது. கேட்கும் விலை என்பது சமீப ஆண்டுகளில் வெறும் ஆரம்பப் புள்ளியாகிவிட்டது. பிறர் எவ்வளவு கேட்டார்கள் என்பது தெரியாமல் மூடிய உறையில் விலை சொல்ல வேண்டும். வீட்டின் மதிப்பில் 100 சதவீதம் வரை வங்கி கடன் தரலாம். ஆனால் மதிப்பீட்டாளர் போடும் மதிப்புக்கு மேல் ஏலம் கேட்ட தொகையைச் சொந்தப் பையிலிருந்துதான் எடுக்க வேண்டும். பத்திர மாற்று வரி, நோட்டரி கட்டணம், தரகர் கூலியும் அப்படியே. தானே குடியிருப்பவருக்கு வரி 2 சதவீதம். வாரக்கடைசியில் வந்துபோக வாங்குபவருக்கு அதைப்போலப் பல மடங்கு.

வெளிநாட்டவர் வாங்கத் தடையில்லை. ஐந்தோவன் நகரை ஒட்டிய சிப் இயந்திரத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இந்தியப் பொறியாளர்கள் பலர் சுற்று வட்டாரத்தில் வீடு தேடுகிறார்கள். ஆனால் வீடு வாங்கியதால் வசிக்கும் உரிமை கிடைத்துவிடாது. இரண்டும் வேறு வேறு.

காலடியில் நழுவும் மண்

பத்திரம் இத்தனை சுத்தமாக இருப்பதாலேயே பலரும் பார்க்கத் தவறுவது மண்ணை. நாட்டின் கால் பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மேற்குப் பகுதியின் பசுமையான கிராமங்கள் பலவும் கரி மண் மீது நிற்பவை. பஞ்சு போன்ற இந்த மண்ணில் நீரை இறைக்க இறைக்க அது சுருங்கிக் கீழே இறங்கும். அதனால் பழைய வீடுகளை மரக் கம்பங்களை மண்ணில் இறக்கி, அவற்றின் மேல் கட்டினார்கள். நீருக்குள் மூழ்கியிருக்கும்வரை அந்தக் கம்பங்களுக்கு ஆயுள் கெட்டி. 2018 போன்ற வறண்ட கோடையில் நிலத்தடி நீர் இறங்கி, கம்பத்தின் தலை காற்றில் பட்டுவிட்டால் மக்க ஆரம்பித்துவிடும். 2024-இல் அரசுக்கான ஆலோசனைக் குழு ஒன்று, அஸ்திவாரச் சேதம் உள்ள அல்லது 2035-க்குள் அதைச் சந்திக்கக்கூடிய கட்டடங்கள் சுமார் 4.25 லட்சம் என்று கணக்கிட்டது. ஒரு வீட்டின் அஸ்திவாரத்தை மாற்றும் செலவு ஒரு லட்சம் யூரோவையும் எட்டலாம். சாதாரண வீட்டுக் காப்பீடு இதற்குப் பணம் தராது.

வடக்கே வேறு வகை வில்லங்கம். குரோனிங்கனின் ஸ்லோக்டெரன் அருகே 1959-இல் கண்டுபிடிக்கப்பட்ட எரிவாயு வயல், அரசுக் கஜானாவுக்கு 36,000 கோடி யூரோவுக்கு மேல் கொட்டிக் கொடுத்தது. வாயுவை உறிஞ்சிய இடத்தில் நிலம் அமுங்கி, அதிர்ந்தது. 2012 ஆகஸ்ட் 16 அன்று ஹூய்சிங்கே கிராமத்தில் ஏற்பட்ட 3.6 ரிக்டர் நில அதிர்ச்சிதான் அவற்றில் பெரியது. எண்ணிக்கை சிறியதாகத் தோன்றலாம். ஆழம் குறைவு, மண் மென்மையானது, செங்கல் வீடுகள் பழையவை. சுவர்கள் விரிசல் விட்டன, சில வீடுகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. நஷ்டஈட்டுக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். குரோனிங்கன் மக்களின் நலன் புறக்கணிக்கப்பட்டதை நாடாளுமன்ற விசாரணை 2023-இல் வெளிப்படையாகச் சொன்னது. அந்த அக்டோபரில் வாயு எடுப்பது நின்றது. 2024-இல் வயலை நிரந்தரமாக மூடச் சட்டம் வந்தது. ஆனாலும் நிலம் அடங்க இன்னும் ஆண்டுகள் ஆகும். இங்கே வீடு வாங்குபவர், பழைய உரிமையாளர் எந்தச் சேதத்துக்கு நஷ்டஈடு வாங்கினார், அதை வைத்துப் பழுது பார்த்தாரா, வீடு பலப்படுத்தும் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

தெரிந்த குறையைச் சொல்வது விற்பவரின் கடமை. ஆனால் விசாரித்து அறிவது வாங்குபவரின் கடமை என்கிறது சட்டம். பழைய வீடுகளின் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு வரி ஒளிந்திருக்கும்: புது வீட்டின் தரத்தை இதில் எதிர்பார்க்கக் கூடாது என்று. அதில் கையெழுத்துப் போடும் முன் கட்டடப் பரிசோதகரை அழைத்துப் போவதற்குச் சில நூறு யூரோதான் ஆகும்.

வாய்க்காலும் அண்டை வீடும்

வீட்டோடு வாய்க்கால் வந்தால் கூடவே வேலையும் வரும். நாட்டில் 21 நீர் வாரியங்கள் இருக்கின்றன. நீர்மட்டத்தை நிர்ணயிப்பதும், கரைகளைக் காப்பதும், வரி வசூலிப்பதும் இவை. மன்னராட்சிக்கும் முந்தைய பரம்பரை கொண்ட இந்த வாரியங்களுக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. இலையுதிர் காலத்தில் வாரியத்தின் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். வாய்க்காலை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் பாசியையும் கோரையையும் அகற்றவில்லை என்றால் நடவடிக்கை உண்டு. நீர்மட்டம் தாழ்ந்தால் விவசாயியின் டிராக்டர் புதையாது. உயர்ந்தால் கரி மண் வீட்டின் மரக் கம்பம் மக்காது. புதிதாக வந்தவரும் இந்த வழக்கில் ஒரு கட்சி. ஓட்டுச் சீட்டு அவர் கையிலும் இருக்கிறது.

கிழக்கே ட்வென்தே, ஆக்டர்ஹுக் பகுதிகளில் அண்டை வீட்டார் என்பது ஒரு பதவி மாதிரி. பிறப்பு, திருமணம், சாவு மூன்றுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் வந்து நிற்க வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். குடிவந்தவர் அக்கம்பக்கத்தை அழைத்து விருந்து வைத்தால்தான் அந்த வட்டத்தில் சேர்வார். கதவைச் சாத்திக்கொண்டு அமைதியாக இருக்க வந்தவருக்கு இது தொந்தரவாகத் தெரியும். சாவு வீட்டில்தான் அதன் அருமை புரியும்.

ஏனென்றால் அமைதி என்பது இந்த ஊர்களில் சரக்கு மட்டுமல்ல, நோயும்கூட. ஆரம்பப் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை தொடர்ந்து 23-க்குக் கீழே போனால் அரசு நிதி நிற்கும், பள்ளி மூடப்படும். பிறகு கடை மூடும். பஸ் கம்பெனி வழித்தடத்தை நிறுத்திவிட்ட ஊர்களில் எட்டுப் பேர் உட்காரும் சிறிய பஸ்ஸைச் சம்பளம் வாங்காமல் ஊர்க்காரர்களே முறைவைத்து ஓட்டுகிறார்கள். ஓட்டுநர் கிடைக்காத வாரம் பஸ் இல்லை. உரம் தெளிக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சாண நாற்றம் ஊரையே சூழும். விலை கேட்கப் போகிறவர் வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையை விட்டு, அப்படியொரு ஈரமான வேலை நாளில் போய்ப் பார்ப்பது நல்லது.

கான்செடெய்க்கைக் காப்பாற்றியவர்கள் அங்கே வீடு வைத்திருந்தவர்கள் மட்டுமல்ல, அங்கே வாழ்ந்தவர்கள். வாரக்கடைசியில் மட்டும் விளக்கெரியும் வீடுகள் ஒரு தெருவில் பத்து சேர்ந்துவிட்டால் பள்ளிக்குப் பிள்ளை வராது, பஸ்ஸுக்கு ஓட்டுநர் வர மாட்டார், இடிக்க வருபவர்களை எதிர்த்து நிற்கவும் ஆள் இருக்காது. நெதர்லாந்தின் கிராமத்தில் வீட்டைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். ஊரை வாங்க, அங்கே குடியிருக்க வேண்டும்.