கராஜுக்குள் ஒரு 'வின்சர்' தியேட்டர்

வெள்ளி இரவு வேலை முடிந்து வந்து, சனிக்கிழமை முழுவதும் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துக் கிடப்பதுதான் பக்குரங்காவில் எங்களுடைய முதல் வருட வாழ்க்கை. யூன் மாதமென்றால் மாலை ஐந்தேகாலுக்கே இருட்டிவிடும். ஒரே தெருவில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் இருந்தும், கடையில் அரிசி மூட்டை தூக்கும்போதுதான் ஒருவரையொருவர் கண்டு, "எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டுக்கொண்டோம். புதிதாக வந்திருக்கும் உறவுகளே, உங்களுக்கும் இது தெரிந்த கதையாகத்தான் இருக்கும்.

எங்களை ஒன்றாக்கியது ஒரு பழைய படம்.

'பொன்மணி' 1977இல் வெளிவந்த இலங்கைத் தமிழ்ப் படம். காவலூர் இராசதுரை எழுத, சிங்களவரான தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் வைத்து எடுத்தது. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களுக்கு வின்சரிலும் ராஜாவிலும் இடிபட்டு ரிக்கற் எடுத்த எங்கள் தகப்பன்மார் இதற்குப் போகவில்லை. "பாட்டும் சண்டையும் இல்லாத படம்" என்று விட்டுவிட்டார்களாம். எங்களில் ஒருவர் அதன் பிரதியைத் தேடிப் பிடித்து வந்தார். காரை வெளியே விட்டோம். கராஜ் சுவரில் வெள்ளை பெட்ஷீற் கட்டினோம். புரொஜெக்டர் இரவல். பாயும் தலையணையுமாகப் பன்னிரண்டு பேர்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒரு ஐயா, "தம்பி, கொஞ்சம் பின்னுக்கு விடு" என்றார். விட்டோம். திரும்பவும் கேட்டார். மூன்றாம் முறைதான் விளங்கியது. அவர் கதாநாயகியைப் பார்க்கவில்லை. பின்னால் தெரிந்த கிடுகு வேலியையும், ஒழுங்கையையும், சைக்கிளில் போகிற ஆளையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பிடித்தான் இருந்தது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மகனுடைய வீட்டில் அவர் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று பிறகு மருமகள் சொன்னார்.

எங்கள் படங்களை ஏன் இப்படித் தேடித் திரிய வேண்டியிருக்கிறது? 1962இல் 'சமுதாயம்' தொடங்கி, 'குத்துவிளக்கு' (1972), 'வாடைக்காற்று' (1978) என்று எங்கள் மண்ணிலும் படங்கள் வந்தன. 1983 ஆடிக் கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோவுக்குத் தீ வைத்தார்கள். கடைகளும் வீடுகளும் எரிந்ததுபோல் படச்சுருள்களும் எரிந்தன. மிஞ்சியவை யாரோ ஒருவருடைய அலுமாரிக்குள் கிடந்து தப்பியவை.

இந்த நாட்டவர் இப்படிப்பட்ட படங்களுக்குக் 'கல்ட் படம்' என்று பெயர் சொல்கிறார்கள். ஊர் முழுக்க ஓடாத படம். ஆனால் ஒரு சிறு கூட்டம் அதை விடாமல் திரும்பத் திரும்பக் கூடிப் பார்க்கும். இதற்குப் பேர்போன படம் 'ரொக்கி ஹொரர் பிக்சர் ஷோ'. அதை எழுதிய ரிச்சர்ட் ஓபிரையன், இளவயதில் எங்களுக்குப் பக்கத்து ஊரான ஹமில்ரனில் தலைமயிர் வெட்டும் வேலை செய்தவர். 1975இல் வந்தபோது படம் தோல்வி. அடுத்த வருடம் நியூயோர்க்கில் ஒரு தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார்கள். வந்தவர்கள் திரையைப் பார்த்துப் பதில் கதைக்கத் தொடங்கினார்கள், வேஷம் போட்டு வந்தார்கள், படம் பிழைத்துக்கொண்டது. ஹமில்ரனில் 2004இல் அவருடைய பாத்திரத்துக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். ஒக்லாந்திலும் அவொண்டேலில் 'ஹொலிவூட்' என்ற பழைய தியேட்டர் இருக்கிறது. இப்படிப்பட்ட படங்களும் நேரடி இசை நிகழ்ச்சிகளும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. திரையைப் பார்த்துக் கத்துவதும் விசிலடிப்பதும் எங்கள் ஆக்களுக்குப் புதிதா என்ன?

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் அது பொய். 'பொன்மணி' சீதனத்தையும் சாதியையும் மூடி மறைக்காமல் காட்டுகிற படம். படம் முடிய, இங்கேயே பிறந்த ஒரு பிள்ளை, "அம்மா, சாதியென்றால் என்ன?" என்று எல்லோருக்கும் கேட்க வைத்துக் கேட்டுவிட்டது. கராஜ் அமைதியாகிவிட்டது. "உதெல்லாம் பிள்ளைகளுக்கு ஏன் காட்டுறியள்?" என்று ஒருவர் கோபித்தார். "ஒளிச்சால் மட்டும் இல்லாமல் போயிடுமோ?" என்று இன்னொருவர் கேட்டார். ஒரு குடும்பம் இரண்டு மாதம் எங்கள் பக்கமே வரவில்லை. பிள்ளைக்கு ஒழுங்கான பதில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு அந்தத் தாய் வீட்டில் இருத்தி ஆறுதலாகச் சொல்லிக் கொடுத்தாராம். அகதியாக வந்தும் அந்த மூட்டையை இறக்கி வைக்காமல் திரிந்தால், பிள்ளைகள் எங்களைத்தான் கேள்வி கேட்பார்கள்.

கோபித்துப் போனவர்களைத் திரும்பக் கொண்டுவந்தது பாட்டு. கோயிலில் மிருதங்கம் வாசிக்கும் ஒருவர், சேர்ச்சில் கிட்டார் பிடிக்கும் ஒருவர், பழைய கீபோர்ட் ஒன்று, இவ்வளவுதான் எங்கள் 'இசைக்குழு'. ஊர்க் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடந்த கோஷ்டிக் கச்சேரி நினைவில், முதலில் எடுத்தது ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'. அந்தப் பைலா தாளத்துக்கு உட்கார்ந்திருக்க முடியுமா? 1977இல் இளையராஜா இசையில் தமிழகப் படத்துக்கே போன பாட்டு அல்லவா! அடுத்தது நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'. வராமல் இருந்த குடும்பத்தின் தலைவர் வாசலில் நின்று கைதட்டினார். யாரும் பழையதைக் கிளறவில்லை. தேத்தண்ணி கொடுத்தோம். மனோகரனும் பத்திராஜவும் 2018 தை மாதத்தில், சில நாள் இடைவெளியில் காலமானார்கள். இந்தக் கராஜில் அவர்கள் இருவருக்கும் இடம் இருக்கிறது.

ஒரு முறை இரவு பத்தரைக்குக் கதவு தட்டுப்பட்டது. சீருடையில் ஒருவர். எங்கள் நெஞ்சு எப்படி அடித்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நகரசபைக்காகச் சத்தம் பார்க்க வந்தவர் அவர். மரியாதையாகப் பேசி, குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார். பிழை எங்களுடையதுதான். புதியவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: அயலவர் இரவு பகல் எந்நேரமும் சத்தம்பற்றி முறையிடலாம். அலுவலர் உத்தரவு தந்தால் அது 72 மணித்தியாலம் வரை செல்லும். மீறினால் ஒலிபெருக்கியை எடுத்துச் செல்லவும் அதிகாரம் உண்டு. இப்போது நாங்கள் இரண்டு நாள் முன்னரே அயலவருக்குச் சொல்லிவிடுகிறோம், பத்து மணிக்குப் பாட்டை நிறுத்துகிறோம். பக்கத்து வீட்டுத் தொங்கன் நண்பர் யூகலேலியுடன் வந்து சேர்ந்தது அப்படிச் சொல்லப்போன இடத்தில்தான்.

மாதம் ஒரு படம். ஒரு மாதம் பெரியவர்கள் தெரிவு, மறு மாதம் இளையவர்கள் தெரிவு. சின்னப் பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டு, பெடியள் பீற்றர் ஜாக்சனின் முதல் படமான 'பேட் ரேஸ்ற்' (1987) போட்டார்கள். ஒரே இரத்தமும் அருவருப்பும். "சீ, உது என்ன படம்!" என்று கத்திக்கொண்டே பெரியவர்கள் கடைசி வரை இருந்தார்கள். பத்திரிகையொன்றில் வேலை செய்துகொண்டே, நான்கு வருடமாக வார விடுமுறைகளில் நண்பர்களை வைத்து அவர் எடுத்த படம் அது. முகமூடிகளைத் தாயின் சமையலறை அடுப்பில் வைத்துச் செய்தாராம். கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் நின்று உழைக்கிற எங்களுக்கு அந்தச் செய்தி படத்தைவிடப் பிடித்திருந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டிக்குள் பழைய வீடியோ கசற்றோ, கல்யாண வீட்டுக் கொப்பியோ, கோயில் கச்சேரி பதிந்த ஒலிநாடாவோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். வீடியோ டெக் செய்த கடைசிக் கம்பனியும் 2016இல் நிறுத்திவிட்டது. நாடாவில் பூஞ்சணம் பிடித்தால் பிறகு மீட்பது கடினம். அதில் யாரோ ஒருவருடைய ஒழுங்கை இருக்கும். எங்களிடம் ஓடுகிற டெக் ஒன்று இன்னும் இருக்கிறது. கொண்டு வாருங்கள், கணினிக்கு மாற்றித் தருகிறோம்.

காசு வேண்டாம். ஆளுக்கொரு கறி போதும். கார் இல்லாதவர்களை ஏற்றி இறக்க ஆள் இருக்கிறது. அந்த ஐயா இப்போது எல்லோருக்கும் முன்னதாக வந்து, முன்வரிசைப் பாயில் இடம் பிடித்துவிடுகிறார். "வின்சரில கலரிதான் கிடைச்சது, இஞ்ச எண்டாலும் முன்னுக்கு இருக்கிறன்" என்கிறார். அவருக்குப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.